சுருட்டை முடிக்கு ரெட்டை ஜடை: இழுப்பு எங்கே வருகிறது?

ஐந்து வயது மகளின் ஜடை மதியத்துக்குள் அவிழ்கிறதே என்று இறுக்கிப் பின்னியதில் நெற்றியோரம் சிறு பருக்கள், காதுக்கு மேலே முடி மெலிவு. கோளாறு, காய்ந்த சுருட்டை முடியைச் சீவியதிலும் வேரிலேயே இறுக்கியதிலும்தான்.

இப்போது ஸ்ப்ரே பாட்டிலில் லேசாக ஈரம். சொட்டச் சொட்ட நனைத்தால் காயும்போது சுருள் சுருங்கி வேரை இழுக்கும். அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், நுனிக்கு மட்டும். அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும், சிக்குக்கு மேலே முடியைக் கையால் இறுகப் பிடித்தால் குழந்தை அழாது (பெரும்பாலும்!).

வகிடு எடுத்து, காதுக்குப் பின்னால் மூன்று கால் பின்னல். முதல் இரண்டு சுற்று தளர்வு, கழுத்துக்குக் கீழேதான் இறுக்கம். புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றித்தோல் இழுத்தால் அவிழ்த்துவிடுங்கள். ரப்பர் பேண்ட் முடியை அறுக்கும். பாதி ஜடையிலிருந்தே ரிப்பனைச் சேர்த்துப் பின்னி முடிச்சுப் போட்டால் மாலைவரை நழுவாது. வாரம் ஒருமுறை வகிட்டை ஒரு விரல் தள்ளி எடுக்கிறேன். இரவில் ஜடையை அவிழ்த்துவிட வேண்டும்.