கண்டிக்குப் போகும்போது நாங்கள் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் ஏ-9 வீதிக்குக் கண்டி வீதி என்றுதான் பெயர். 321 கிலோமீற்றர் ஓடி அது கண்டியில்தான் போய் முடிகிறது. அந்தப் பெயரை நாள்தோறும் சொல்லும் நாங்கள், அங்கே போனால் அரை நாளில் சுற்றிவிட்டு நுவரெலியாவுக்கு வானைத் திருப்பிவிடுகிறோம். பெரிய பிழை இதுதான். ஓர் இரவாவது தங்குங்கள்.

தலதா மாளிகையில் புத்தரின் புனிதப் பல் வைத்த பேழை இருக்கும் மேல்மாடி அறையைப் பூசை நேரத்தில்தான் திறப்பார்கள். விடிய ஐந்தரை, காலை ஒன்பதரை, மாலை ஆறரையை ஒட்டி அந்த நேரங்கள் வரும். நானும் அம்மாவும் ஒருமுறை பதினொன்றரைக்குப் போய் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. முழங்கால் வலியோடு படியேறி வந்த அம்மா, சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அடுத்த முறை மாலையில் போனோம். மேளம் கீழே அதிர அதிர, வரிசை நகர்ந்து, பொற்பேழை சில நொடிகள் கண்ணில் பட்டது. புனிதப் பல் அதற்குள் இருக்கிறது. அதை நேரில் காட்டுவார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

நல்லூர்க் கந்தன் கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றுவோம். தலதா மாளிகையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு நல்லது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கவே கூடாது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டித்தான் தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹராவும் வரும். அப்போது அறை பதியாமல் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

'இது சிங்கள அரசர்களின் ஊர், எங்களுக்கு என்ன' என்ற நினைப்பும் பிழைதான். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் தென்னிந்திய வழிவந்த நாயக்கர்கள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்ததுதான் நகர நடுவில் இருக்கும் ஏரி. அவனை ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்கு அனுப்ப, 1832இல் அங்கேயே இறந்தான். மாளிகைக்குப் பக்கத்திலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. வற்றாப்பளையில் நாங்கள் கும்பிடும் அதே கண்ணகிதான். அதைப் பாராமல் வராதீர்கள்.

சரி, தேயிலை. நகரத்துக்குள்ளேயே தோட்டம் இருக்கும் என்று தேடாதீர்கள். மலைப்பக்கம் ஏற வேண்டும். இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடக்கிய ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்த லூல்கந்துர தோட்டம் கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளாமல் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் எங்கள் மொழி பேசுகிறவர்கள். பறித்த கொழுந்தின் நிறையையும் பார்த்துத்தான் சம்பளம். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மழை நாளில் அட்டை ஏறும், சப்பாத்துப் போடுங்கள்.

தூள் வாங்கும்போது பெரிய இலைதான் உசத்தி என்று நம்பி விலை கொடுப்பவர்கள் கனபேர். பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். என்ற தேயிலைத் தரப் பெயர்களெல்லாம் துகளின் அளவைத்தான் சொல்லும். பால் தேத்தண்ணிக்குச் சின்னத் துகள்தான் சாயம் இறங்கும். பெரிய இலை பால் விடாத பிளேன்ரீக்கு நல்லது. வீட்டில் எது குடிக்கிறீர்களோ அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.