போனை குசினி அலுமாரிக்குள்ள வச்ச கதை

2020 டிசம்பர்ல புரெவி புயல் எங்கட திருகோணமலைக்கு வடக்கால கரையேறினதில இருந்துதான் இந்த வருத்தம், மழை இருட்டினாலே போனை எடுத்து செய்தி செய்தியா தோண்டுறது, நடுவில 2004 சுனாமி வீடியோ வேற வந்து விழும், பிறகு நெஞ்சு படபடக்கும், விடியுமட்டும் நித்திரையில்ல.

"கடலைப் பாக்காம போனைப் பாத்துப் பயப்பிடுறியே பிள்ளை" எண்டு அம்மா ஏசினா.

நோட்டிபிகேஷன் எல்லாம் ஓஃப் பண்ணினன், முதல் 3 நாள் கை சும்மா சும்மா போனுக்குத்தான் போச்சு (வெக்கம்தான்). இப்ப காலமை ஒருக்கா ரேடியோச் செய்தி, புயல் நேரம் வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தல், அதுவும் வீடியோவா இல்லாம எழுத்தில. இரவு 8 மணிக்குப் பிறகு போன் அலுமாரிக்குள்ள. பின்னேரம் டச்பே கடற்கரையில கச்சான் கொறிச்சுக்கொண்டு நடக்கிறன். படபடப்பு முழுசாப் போகேல்ல, ஆனா நித்திரை வருது.