குறி தப்பாத லஸ்திக்: பட்டறையில் நான் செய்யும் முறை

மலேசியாவின் பீடோரில் எனக்கு ஒரு மோட்டார்சைக்கிள் பட்டறை இருக்கிறது. மாலையில் கதவை இறக்கிய பிறகு பின்கொட்டகையில் லஸ்திக் செய்கிறேன். தமிழ்நாட்டில் இதை உண்டிவில், கவட்டை என்பார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், லஸ்திக் என்றால்தான் தெரியும்.

வெளிநாடுகளில் குறிபார்க்கும் ரைஃபிளைத் தாமே கட்டுகிற பொழுதுபோக்குக்காரர்கள் உண்டு. குண்டுகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பிரிப்பார்கள், ஐந்து ஐந்தாகச் சுட்டு ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளப்பார்கள். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். ஆனால் அவர்களுடைய அந்தப் பொறுமையை லஸ்திக்கில் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. வேகம் கூடினால் குறி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் அடியும் ஐம்பதாவது அடியும் ஒரே மாதிரி இருந்தால்தான் குறி வரும். கீழே சொல்லும் வேலை எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் கவை. கொய்யா மரத்தில் எடுங்கள். பீடோர் கொய்யாவுக்குப் பேர் போன ஊர், பழைய மரத்தைக் கழிக்கும்போது கேட்டால் கொடுப்பார்கள். கொய்யாக் கட்டை கெட்டியானது, லேசில் பிளக்காது. இரண்டு கொம்பும் ஒரே பருமனாக, நடுத்தண்டிலிருந்து ஒரே சாய்வில் பிரிந்திருக்க வேண்டும். வெட்டிய முனைகளில் உடனே பெயிண்ட் அல்லது மெழுகு பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் முனை முதலில் காய்ந்து வெடிக்கும். நிழலில் வைத்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் செதுக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள். கொம்புகளின் உள்ளிடைவெளி நாலரை சென்டிமீட்டர் போதும், கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்கு ஏற்றபடி இருக்கட்டும். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் அந்தக் கவை விறகுக்குத்தான்.

இனி ரப்பர். இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தலைவிளக்கோடு தன் மர வரிசையான நிரையில் இறங்கி, வெட்டி முடித்து, மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தவர். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்து கோலகங்சாரில் நட்ட 9 ரப்பர் கன்றுகளை நினைத்தால், எங்கள் குடும்பத்தின் கதையே அங்கிருந்துதான் கிளம்பியது போலிருக்கும். அந்தத் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. ஆனாலும் பால்ரப்பர் பட்டையைக் கையில் எடுத்தால் எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வரும்.

பட்டறையில் கிடக்கும் கறுப்பு டியூபை வெட்டலாமா என்று பையன்கள் கேட்பார்கள். வேண்டாம். இப்போது வரும் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். காற்றைக் கசியவிடாமல் பிடிக்கும், ஆனால் இழுத்து விட்டால் மந்தமாகத் திரும்பும். நமக்குத் தேவை இயற்கைப் பால்ரப்பர் தகடு. உடற்பயிற்சிக்கு விற்கும் பட்டையிலும் பால்ரப்பரில் செய்தது கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். தடிப்பு 0.6 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. வெர்னியரால் நாலு மூலையிலும் அளந்து, ஒரே தடிப்பாக உள்ள துண்டை எடுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், சூடு தெரியும். இழுத்தபடியே சிறிது நேரம் பிடித்திருந்து, தளரவிட்டு மறுபடி வைத்தால் குளிர்ச்சி தெரியும். ஜான் கஃப் என்ற பார்வையற்ற ஆங்கில அறிஞர் 1805-இல் இதை எழுதி வைத்தார். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இழுத்த பட்டையை நெடுநேரம் பிடித்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும், விசையும் கொஞ்சம் குறையும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் பிடித்திருக்கும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். நான் மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டு விடுவேன்.

நீளத்தை உங்கள் கையே சொல்லும். இழுத்துக் கன்னத்தில் வைக்கும்போது கவையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். அதை ஐந்தால் வகுத்தால் வருவது கட்டுக்கும் கட்டுக்கும் நடுவிலுள்ள நீளம். எனக்கு 80, ஆகவே 16. கட்டுவதற்கு இரு முனையிலும் 2 சேர்த்து 20 சென்டிமீட்டர் வெட்டுகிறேன். அகலம் கவைப்பக்கம் 20 மில்லிமீட்டர், குண்டு வைக்கும் தோல்பக்கம் 12. தகட்டில் 32 மில்லிமீட்டர் அகலத் துண்டு எடுத்து, ஒரு முனையில் 20, மறுமுனையில் 12 என்று குறித்துச் சாய்வாக ஒரே கோடு வெட்டினால் இரண்டு பட்டையும் ஒன்றாகக் கிடைக்கும். கண்ணாடிப் பலகை மேல் இரும்பு ரூலர் வைத்து, உருளும் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் ஓரத்தில் சின்னப் பல் விடும், பட்டை அங்கேதான் கிழியும். அம்மா தினமும் சாயங்காலம் உளியைக் கல்லில் தீட்டுவார். மழுங்கின உளி மரத்தைக் காயப்படுத்தும் என்பார். வெட்டும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

வெட்டிய இரண்டையும் நகைத் தராசில் போடுங்கள். மேலே சொன்ன அளவில் ஒவ்வொன்றும் 1.8 கிராம் அளவு வரும். எனது முதல் நல்ல லஸ்திக்கில் இதைச் செய்யவில்லை. ஒரு பட்டை கொஞ்சம் அகலம். கவையைக் கிடையாகப் பிடித்து அடித்தால் எல்லாக் குண்டும் தகரத்துக்கு மேலேயே போனது. இரண்டு வாரம் என் கண்ணைக் குறை சொன்னேன். கழற்றி எடைபோட்ட பிறகுதான் தெரிந்தது.

தோலுக்குப் பழைய கைப்பையின் மெல்லிய, நீளாத தோல் போதும். 6 சென்டிமீட்டர் நீளம், 2 அகலம். சரிபாதியாக மடித்து நடுவைக் குறித்து, அங்கே சிறு துளை போடுங்கள். குண்டு ஒவ்வொரு முறையும் அதிலேயே உட்காரும்.

குண்டு 8 மில்லிமீட்டர் எஃகு. ஒன்று 2.1 கிராம் இருக்கும். புதிதாக வாங்குங்கள். தேய்ந்த பேரிங்கைச் சுத்தியால் உடைக்க வேண்டாம், கெட்டி எஃகு சிதறிக் கண்ணில் பாயும். பிள்ளைகள் பழக என்றால் களிமண்ணை உருட்டி நிழலில் காயவைத்த உண்டை நல்லது. பட்டால் பொடியாகும், திரும்பிப் பாயாது.

பட்டையை மெல்லிய ரப்பர் நாடாவால் இழுத்துச் சுற்றி, கடைசிச் சுற்றுக்குள் முனையைச் செருகுங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கைச் சுற்று. தோலை மடித்துப் பிடித்தால் இரண்டு பட்டையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழ வேண்டும்.

குறிக்கு அட்டைப்பெட்டியில் பழைய சாரத்தை (கைலியை) இரண்டு மடிப்பாகத் தளரத் தொங்கவிட்டு, முன்னால் பால்டின் மூடியைக் கட்டுங்கள். குண்டு துணியில் பட்டுப் பெட்டிக்குள் விழும். 10 மீட்டரில் நில்லுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள். பெட்டிக்குப் பின்னால் சுவரோ மண்மேடோ இருக்கட்டும், பாதையோ அடுத்த வீடோ இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள், “மாமா, மைனாவை அடிக்கலாமா?” என்றான். “மூடியில் பத்துக்குப் பத்து அடி, அப்புறம் நீயே பறவையைக் கேட்க மாட்டாய்” என்றேன். இப்போது ஏழு வரை வந்துவிட்டான், மைனா பேச்சே இல்லை.

காகிதத்தில் ஐந்து ஐந்தாக அடித்துப் பாருங்கள். ஐந்தும் ஒரே இடத்தில் நெருங்கி, ஆனால் நடுவிலிருந்து விலகியிருந்தால் லஸ்திக் சரி, குறிபார்க்கும் இடத்தை மாற்றினால் போதும். மேலும் கீழுமாகச் சிதறினால் இழுக்கும் நீளம் மாறுகிறது, கன்னத்தில் ஒரே இடத்தைத் தொடுங்கள். இடமும் வலமுமாகச் சிதறினால் விடும்போது விரல் தோலைத் திருகுகிறது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

வெயிலும் எண்ணெயும் பால்ரப்பருக்கு எதிரி. பட்டறைக் கையோடு நான் பட்டையைத் தொடுவதில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். முடிந்ததும் டால்க் பவுடர் தூவி, மூடியுள்ள மைலோ டின்னில் போட்டு இருட்டில் வைக்கிறேன். அடிக்குமுன் ஓரங்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் இரண்டு பட்டையையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். என் டின்னுக்குள் ஒரு சீட்டு இருக்கும். பட்டை கட்டிய தேதி, எடை, அன்று ஐந்து குண்டும் எத்தனை சென்டிமீட்டருக்குள் விழுந்தன என்பது. போன வாரம் கட்டியதற்கு 4 என்று எழுதியிருக்கிறேன்.