எம்ஜிபி-யில் எக்ஸ்ஹாஸ்ட் கசிவா? சைலன்சரை விட்டுவிட்டு வாஷரைப் பாருங்கள்

எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று கேட்கிறது, வண்டி சூடானதும் பாதியாகக் குறைந்துவிடுகிறது என்றால் டேப்பட்டில் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) கை வைக்காதீர்கள், அது எக்ஸ்ஹாஸ்ட் புகை கசியும் சத்தமாக இருக்கலாம். சூட்டில் வார்ப்பிரும்பு விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் அந்தச் சத்தம் அமுங்குகிறது, டேப்பட் சத்தம் அப்படிப் போகாது. ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் படபடவென்று வெடித்தால் சந்தேகம் இன்னும் உறுதி.

இடத்தைக் கண்டுபிடிக்க எஞ்சினை ஓட்டவே வேண்டாம். குளிர்ந்த வண்டியில், காற்றை வெளியே தள்ளும் வாக்குவம் கிளீனர் குழாயைப் பின்புறக் குழாயில் துணி சுற்றிச் செருகி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடியுங்கள், நுரை காட்டிக்கொடுத்துவிடும். கறுப்புக் கரி படிந்த இடமும் சாட்சிதான். எஞ்சினை ஓட்டித்தான் பார்ப்பேன் என்றால் வெளியே நிறுத்தி ஓட்டுங்கள். மூடிய கராஜில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். கீழே நுழைவதென்றால் ஸ்டாண்டு போட்டுத்தான், வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வேண்டாம்.

மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாய்) அதிலிருந்து கீழே இறங்கும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் கசிந்தால் வேலை சுலபம், பொறுமை மட்டும் வேண்டும். முந்தின நாளே ஸ்டட்களில் (நட்டு ஏறும் தலையில்லாத போல்ட்டுகள்) துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். நட்டை முதலில் துளி இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். அப்படியும் ஸ்டட் உடைந்தால் வண்டியிலேயே வைத்துத் துளையிடப் பார்க்காமல் மேனிஃபோல்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டுதான் போட வேண்டும், இரும்பு நட்டு ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளும். புது கேஸ்கெட் (இணைப்பின் இடைவெளியை அடைக்கும் தகடு) போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சிலிண்டர் ஹெட் பக்கம் கசிந்தால்தான் தலைவலி. பெட்ரோல் குழாயைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எஸ்யூ (SU) நிறுவனத்தின் இரட்டைக் கார்புரேட்டர் உள்ள வண்டியில் அவற்றையும் வெப்பத் தடுப்புத் தகட்டையும் எடுத்தால்தான் கை நுழையும். இந்த 1798 சிசி எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியே வரும் மேனிஃபோல்டும் ஒரே கேஸ்கெட், ஒரே ஸ்டட்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு தடித்த வாஷர்தான் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்துகிறது. யாராவது எப்போதோ எக்ஸ்ஹாஸ்ட் மேனிஃபோல்டை மட்டும் இழைத்து மட்டம் செய்திருந்தால் அதன் விளிம்பு மெலிந்திருக்கும். வாஷர் தடித்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெலிந்த பக்கத்தைத் தொங்க விட்டுவிடும். நானும் இதைக் கவனிக்காமல் இரண்டு கேஸ்கெட்டை வீணாக்கினேன். அதனால் இரண்டு விளிம்புகளையும் காலிப்பரால் அளந்து பாருங்கள், வித்தியாசம் இருந்தால் தடித்த விளிம்பின் மேல் அமரும் வாஷரின் பாதியை அரத்தால் அந்த அளவுக்குக் குறையுங்கள். நேர்சட்டத்தை வைத்து மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நட்டுக்கு 15 பவுண்டு-அடி போதும். கையில் பலம் இருக்கிறதென்று அதற்கு மேல் போனால் விளிம்பின் காது உடையும்.

பிளேன்ஜில் (விளிம்போடு விளிம்பு வைத்துப் பூட்டும் இணைப்பு) எக்ஸ்ஹாஸ்ட் பேஸ்ட் பூசாதீர்கள், அது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் இணைப்புக்கு மட்டும். சைலன்சர் ஓட்டைக்கு அப்பும் புட்டி வீடு போய்ச் சேரும் வரை தாங்கும், அவ்வளவே.

கீழ்க்குழாயைக் கியர்பாக்ஸ் பக்கம் பிடித்திருக்கும் கிளாம்ப் இருக்கிறதா, எஞ்சின் மவுன்ட் ரப்பர் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் கிளாம்பைத் திரும்பப் போடுவதே இல்லை. அப்போது குழாயின் எடையும் ஆட்டமும் முழுக்க அந்தப் புது கேஸ்கெட்டின் தலையில் விழுகிறது. எல்லாம் முடிந்ததும் ஒருமுறை நன்றாகச் சூடாக ஓட்டி, முழுக்க ஆறிய பின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.