செயின்சாவின் சைலன்சரைத் திறந்து பவர் ஏற்றுவது: முதல் தடவை கை வைப்பவருக்கு

போன மாதம் பக்கத்துத் தமானிலிருந்து (குடியிருப்பு) ஒரு தம்பி செயின்சாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, இதோட எக்ஸோஸத் தொறந்து விட்டா பவர் ஏறுமாம்ல? ஓட்டை போட்டுக் குடுங்களேன்." நான் முதலில் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். பல்லெல்லாம் மழுங்கி, விரலை வைத்து அழுத்தினாலும் கீறாது. காற்று பில்டரைக் கழற்றினால் உள்ளே செம்பனைத் தூள் அப்பியிருந்தது. "தம்பி, ஓட்டை அப்புறம் போடலாம், முதல்ல இத அரம் போட்டுட்டு வாங்க" என்று அனுப்பினேன். மறுநாள் வந்தவர், பவர் ஏறிவிட்டது என்றார்!

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் செயின்சா இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். பழைய பால்மரம் அறுக்கிறார்கள், மழையில் சாய்ந்த டுரியான் மரத்தைத் துண்டு போடுகிறார்கள். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. சைலன்சரைத் திறந்தால் பவர் ஏறுமா? ஏறும். ஆனால் ஓட்டை போடுவது அரை மணி நேர வேலை. போட்ட பிறகு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைச் சரியாக வைப்பதுதான் உண்மையான வேலை. அதைச் செய்யத் தெரியாவிட்டால் டிரில்லைத் தொடாதீர்கள்.

இது எனக்கு அனுபவப்பட்டுத் தெரிந்தது. என் முதல் மிஷினில் உற்சாகமாக ஓட்டை போட்டேன். கார்புரேட்டரைச் சரி செய்யத் திருப்புளியைத் தொடவே இல்லை. மூன்று நாள் சத்தம் கேட்கவே ஆனந்தமாக இருந்தது. நான்காம் நாள் ஒரு பால்மர அடிக்கட்டையில் பாதி அறுக்கும்போது இஞ்சின் அப்படியே பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால், எக்ஸோஸ் பக்கத்துப் பிஸ்டன் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல். மிஷின் மேல் குற்றமில்லை, நான் செய்த காரியம்.

ஏன் அப்படி ஆனது? இது டூ ஸ்ட்ரோக் இஞ்சின். எரிந்த புகை வெளியேறும் வேகத்தைப் பொறுத்துத்தான் புதுக்காற்று உள்ளே வரும். சத்தத்துக்கும் புகைக்கும் இருக்கும் விதிகளுக்காகக் கம்பெனிகள் சைலன்சரின் வாயைச் சின்னதாக வைக்கின்றன. அதைப் பெரிதாக்கினால் காற்று கூடுதலாக வரும், ஆனால் பெட்ரோல் அதே அளவுக்குக் கூடாது. கலவை வறண்டுவிடும். வறண்ட கலவை சூட்டைக் கிளப்பும். அதோடு, இந்த இஞ்சினுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோலோடுதான். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடு ஒரு பக்கம், வழவழப்பு இல்லாமை ஒரு பக்கம், பிஸ்டன் என்ன செய்யும்?

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் மிஷின் ஆரோக்கியமாக இருக்கிறதா?

சங்கிலிக்கு அரம் போடுங்கள். உங்கள் சங்கிலிக்கு எந்த அரம் என்பது அதன் அளவைப் பொறுத்தது (சங்கிலிக்கு அங்குலக் கணக்கு). சின்ன மிஷின்களில் வரும் மெல்லிய 3/8 சங்கிலிக்கு 4.0 மில்லிமீட்டர், .325 சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர். பல்லின் மேல் தட்டின் கோணம் பெரும்பாலும் 30 டிகிரி. ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டை முனை நிற்கும். அது பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டிக்கொண்டே போய் இந்த முனையை மறந்துவிட்டால், பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாது. தூள் மாவு மாதிரி வந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. சீவல் சீவலாக வந்தால் நன்றாக இருக்கிறது.

பில்டரைக் கழுவிக் காய வையுங்கள். பெட்ரோலைப் புதிதாகக் கலக்குங்கள். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய், 25:1 என்றால் 40 மில்லி. எது என்று உங்கள் மிஷினின் கையேட்டிலும் எண்ணெய் டப்பாவிலும் இருக்கும். படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெய் வேண்டாம், அது தண்ணீரால் குளிரும் இஞ்சினுக்கு. "எண்ணெய் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் இஞ்சினுக்கு நல்லது" என்று சொல்பவர்கள் உண்டு. அளவை மீறிப் போட்டால் அந்த இடத்தில் பெட்ரோல் குறையும், கலவை இன்னும் வறளும்.

அப்புறம் ஒரு பழைய ஒர்க்‌ஷாப் சோதனை. இஞ்சின் ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு, மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) இருக்கிறது. சர்ரென்று கீழே போனால் இல்லை. மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது; 150 பிஎஸ்ஐ பக்கம் காட்டினால் நிம்மதி. ஸ்லோவில் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல்) விடும்போது சத்தம் தானாக ஏறி இறங்கினால் எங்கோ காற்று ஒழுகக்கூடும். அதைச் சரி செய்யாமல் மேலே போகவே கூடாது.

இப்போது ஒரு கட்டையை எடுங்கள். ரம்புத்தானோ பால்மரமோ, ஒரே பருமன். கோலாகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. நம் தோட்டத்து மரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் அறுபடும். அதனால் கட்டைக்குப் பஞ்சமில்லை. மூன்று வெட்டு வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி என்று கைபேசியில் பிடித்து எழுதி வையுங்கள். இந்தக் கணக்கு இல்லாவிட்டால், கடைசியில் சத்தம் கூடியதையே பவர் கூடியது என்று நம்பிவிடுவோம்.

சைலன்சரைக் கழற்றுவது

இஞ்சின் முழுதாக ஆறட்டும். பிளக் வயரைக் கழற்றி வையுங்கள். சுற்றியுள்ள தூளை பிரஷால் தட்டி, சோக்கை மூடிவிடுங்கள். இரண்டு மூன்று ஸ்குரூதான் இருக்கும். நடுவில் இருக்கும் கேஸ்கெட் (ஒழுகாமல் அடைக்கும் மெல்லிய தகடு) கிழியாமல் எடுங்கள்.

இப்போது சிலிண்டரின் புகை வாய் வழியாகப் பிஸ்டன் தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று, மெல்லிய கோடுகளோடு இருந்தால் சரி. மேலும் கீழுமாக ஆழமான கீறல் இருந்தால், இன்றைக்கு வேலை இதோடு முடிந்தது. அந்த மிஷினுக்குத் தேவை பிஸ்டன், ஓட்டை அல்ல. நன்றாக இருந்தால் சுத்தமான துணியைத் திணித்து அந்த வாயை மூடி வையுங்கள்.

எவ்வளவு திறப்பது?

சிலிண்டரில் புகை வெளிவரும் வாயை அளந்து பரப்பைப் போடுங்கள். சைலன்சரின் மொத்தத் திறப்பு அதில் 70 முதல் 80 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது செயின்சா ஆட்கள் பின்பற்றும் ஒரு பொதுக்கணக்கு. அதற்கு மேல் போனால் சத்தம்தான் கூடும்.

ஒரு உதாரணம். சிலிண்டர் வாயின் பரப்பு 250 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 சதவீதம் 175. சைலன்சரில் ஏற்கனவே 10 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வட்டத்தின் பரப்புக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்க வேண்டும். 10 × 10 × 0.785, கிட்டத்தட்ட 78. இன்னும் 97 தேவை. 11 மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை போட்டால் 95 கிடைக்கும். அவ்வளவுதான். முழுச் சைலன்சரையும் சல்லடை ஆக்கத் தேவையே இல்லை. முதல் தடவை இதையும்விடக் கொஞ்சம் சின்னதாகவே போடுங்கள். பிறகு பெரிதாக்கலாம், போட்ட ஓட்டையைச் சின்னதாக்க முடியாது.

எங்கே போடுவது என்பதில் கவனம் வேண்டும். புகை முன்பக்கமாக, மிஷினை விட்டு விலகிப் போக வேண்டும். பெட்ரோல் டாங்க், பிளாஸ்டிக் மூடி, உங்கள் கை, சங்கிலி மூடி, இவற்றின் மேல் சூடு அடிக்கக் கூடாது. உள்ளே ஒரு தடுப்புத் தகடு இருக்கும், ஸ்குரூ நுழையும் குழாய்களும் இருக்கும். பழைய வாய் வழியாக டார்ச் அடித்து அவை எங்கே என்று பார்த்துவிட்டுப் புள்ளி வையுங்கள்.

சைலன்சரை வைஸில் பிடித்து, முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு படிப்படியாகப் பெரிய பிட். ஓரங்களை அரத்தால் வழித்து, உள்ளே காந்தம் விட்டுத் துழாவி, தட்டி, ஊதி, மறுபடி தட்டுங்கள். ஒரு சுருள் இரும்புத்தூள் சிலிண்டருக்குள் போனால் எல்லாம் வீண்.

நெருப்புப்பொறியைத் தடுக்கும் கம்பிவலையைக் கழற்றி எறிவதுதான் பவர் என்று சிலர் நினைக்கிறார்கள். கரி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், எறியாதீர்கள். புது ஓட்டைக்கும் துருப்பிடிக்காத கம்பிவலை ஒன்றை வெட்டிப் பொருத்துங்கள். காய்ந்த லாலாங் புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திறந்த பிறகு கம்பெனி வாரண்டியை மறந்துவிடுங்கள். காதுக்கு மூடி கட்டாயம். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தமானுக்குள் ஸ்டார்ட் பண்ணி அக்கம்பக்கத்தாரின் சாபத்தை வாங்காதீர்கள்.

கார்புரேட்டர்: இதுதான் வேலையே

பக்கத்தில் மூன்று ஸ்குரூ இருக்கும். எல் என்பது ஸ்லோவுக்கான பெட்ரோல், ஹெச் என்பது முழு வேகத்துக்கான பெட்ரோல், எல்ஏ அல்லது டி என்பது ஸ்லோ வேகம். சில மிஷின்களில் ஸ்குரூவே இருக்காது. ஸ்டில்லின் எம்-டிரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் போன்றவை தாங்களே கலவையைச் சரி செய்துகொள்ளும். அவற்றில் கீழே சொல்வது பொருந்தாது. வேறு சில மிஷின்களில் ஸ்குரூவின் தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, கொஞ்சத்துக்கு மேல் திரும்பாமல் தடுத்திருப்பார்கள். ஹெச் ஸ்குரூவை உங்களால் போதுமான அளவு திறக்க முடியாது என்றால் சைலன்சரைத் திறக்காதீர்கள்.

முதலில் இப்போதைய நிலையை எழுதி வையுங்கள். ஹெச் ஸ்குரூவை மெதுவாக மூடிக்கொண்டே எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் உள்ளே ஊசிமுனை கெடும். அதே சுற்றுக்குத் திறந்து, கூடவே கால் சுற்று அதிகமாக இடப்பக்கம் திறந்துவிடுங்கள். இடப்பக்கம் பெட்ரோல் கூடும், வலப்பக்கம் குறையும். சைலன்சரை மாட்டிய பிறகு ஸ்டார்ட் பண்ணும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பாரும் (சங்கிலி ஓடும் நீளத் தகடு) சங்கிலியும் மாட்டிய நிலையில், மூன்று நான்கு நிமிடம் இஞ்சினைச் சூடாக்குங்கள். முதலில் எல். ஸ்லோ வேகம் எங்கே உச்சமாக இருக்கிறதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு இம்மி இடப்பக்கம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் திணறாமல் ஏற வேண்டும். பிறகு எல்ஏ. ஸ்லோவில் சங்கிலி ஓடக் கூடாது.

அடுத்து ஹெச். இங்கே காதுதான் கருவி. மரத்தைத் தொடாமல் இரண்டு மூன்று வினாடி முழுதாக அழுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். சத்தம் சுத்தமாக, கொசு ரீங்காரம் மாதிரி உச்சத்தில் கத்தினால் கலவை வறண்டிருக்கிறது. உடனே விட்டு, இடப்பக்கம் திறங்கள். சரியான இடத்தில் அது கொஞ்சம் தடதடவென்று, தொண்டை கட்டியவர் பாடுவது போலக் கேட்கும். அதே மிஷினை மரத்தில் வைத்து அழுத்தினால் அந்தத் தடதடப்பு மறைந்து சத்தம் சுத்தமாகும். மரத்தை விட்டு எடுத்ததும் மறுபடி தடதடக்கும். இந்த இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் காதில் ஏறும்வரை, கூடுதல் பெட்ரோல் பக்கமே நில்லுங்கள். மரத்திலும் தடதடத்துப் புகை கக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் மூடலாம்.

காதில் நம்பிக்கை இல்லையா? பிளக் வயரில் சுற்றும் சின்ன டாக்கோ மீட்டர் வாங்குங்கள். கையேட்டில் இருக்கும் உச்ச ஆர்பிஎம்முக்குச் சில நூறு குறைவாகவே வையுங்கள்.

ஐந்தாறு வெட்டு வெட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் நன்று. கோப்பி-ஓ கறுப்பில் ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெள்ளையில் இருந்தால் இஞ்சினை நிறுத்தி, ஹெச் ஸ்குரூவைத் திறந்துவிட்டுத்தான் அடுத்த ஸ்டார்ட்.

இன்னொன்று. கேமரன் மலையில் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவும். தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம், காற்று மெல்லிசு. அங்கே சரியாக வைத்த ஹெச் ஸ்குரூ, கீழே நம் ஊருக்கு இறங்கியதும் வறண்டுவிடும். இறங்கியதும் முதல் வேலையாக மறுபடி வையுங்கள்.

இஞ்சினுக்குள் கை வைக்கலாமா?

சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டை எடுத்துவிட்டுக் கம்ப்ரஷனை ஏற்றுவது, பிளைவீல் சாவியைத் தேய்த்துப் பிளக் பொறி விடும் டைமிங்கை முன்னே தள்ளுவது, சிலிண்டர் வாய்களைத் தேய்த்து அகலப்படுத்துவது, இவையெல்லாம் உண்டு. முதல் தடவைக்கு மூன்றும் வேண்டாம். கேஸ்கெட்டை எடுத்தால் பிஸ்டன் தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இரண்டும் முட்டிக்கொள்ளும் ஆபத்து. அதோடு சிலிண்டர் கீழிறங்குவதால் வாய்கள் திறந்து மூடும் நேரமும் மாறும்.

ஆசையாக இருந்தால் அளந்து மட்டும் பாருங்கள். மெல்லிய ஈயக்கம்பியைப் பிளக் ஓட்டை வழியாகச் சிலிண்டரின் ஓரம் வரை விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை ஒரு தடவை மேலே கொண்டுவந்து, நசுங்கிய இடத்தைக் காலிப்பரில் பிடித்தால் இடைவெளி தெரியும். எழுதி வைத்துக்கொண்டு மூடிவிடுங்கள்.

இப்போது அதே கட்டை, அதே சங்கிலி, மூன்று வெட்டு, அதே கைபேசி. அந்தத் தம்பி அரம் போட்டுக்கொண்டு வந்த பிறகு அவர் மிஷினுக்கு இதையெல்லாம் செய்தோம். சைலன்சர் திறந்ததில் வெட்டுக்கு ஓரிரு வினாடி மிச்சம். அதைவிட அதிகமாக முந்தின நாள் அரத்தில் கிடைத்தது என்று அவரே தன் நோட்டைக் காட்டிச் சொன்னார்.

ஒரு டாங்க் பெட்ரோல் ஓடி முடிந்ததும், இஞ்சின் ஆறியபின் சைலன்சர் ஸ்குரூக்களை மறுபடி ஒரு தடவை இறுக்குங்கள். சூட்டில் அவை தளரும்.