படம் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

"படம் எப்படி?" என்று கேட்டால் எங்கள் ஊரில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் மூன்றுதான். "செம", "பரவாயில்லை, ஒருக்கால் பார்க்கலாம்", "காசு வேஸ்ட்". கேட்டது பக்கத்து வீட்டுச் சினேகிதன் என்றால் இது போதும், உங்கள் ரசனை அவனுக்குத் தெரியும், மிச்சத்தை அவனே விளங்கிக்கொள்வான். ஆனால் கேட்பது மூதூரில் இருந்தோ கிண்ணியாவில் இருந்தோ குடும்பத்தோடு திருகோணமலை டவுனுக்கு வந்து படம் பார்க்க யோசிக்கிற ஒரு நானாவாக இருந்தால்? எல்லாருக்கும் டிக்கட், இடைவேளையில் பிள்ளைகளுக்கு ரோல்ஸும் சோடாவும், இரவுக் காட்சி என்றால் திரும்பிப் போக ஓட்டோ. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு இரவில் படகுப் பாதைக்காகக் காத்து நிற்கிற பாடு இல்லை, சரி, ஆனால் செலவு செலவுதான். நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்தக் குடும்பம் புறப்படுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம்: படம் வேறு, படம் பார்த்த இடம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் உங்கள் கருத்து மற்றவருக்குப் பயன்படும், பிரிக்காமல் சொன்னால் தியேட்டர் ஸ்பீக்கரின் குற்றம் டைரக்டர் தலையில் விழும், அல்லது முதல் நாள் விசில் சத்தத்தின் பெருமை ஒரு சாதாரணக் கதைக்குப் போய்ச் சேரும்.

போவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. சென்னைக்கும் நமக்கும் நேரம் ஒன்றே, அதனால் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி அங்கே முடிந்தவுடன் மத்தியானத்துக்கிடையில் யூடியூபில் விமர்சனங்கள் வந்து குவிந்துவிடும், வாட்ஸ்அப் குழுமத்தில் கிளைமாக்ஸைக் கூட யாராவது எழுதிவிடுவார்கள். நீங்கள் மாலைக் காட்சிக்குப் போகப் போகிறீர்கள் என்றால் அந்த நாளைக்கு ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மற்றவன் சொன்னதைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அவன் சொன்ன குறையைத்தான் தேடிப் பார்ப்பீர்கள். டிரெய்லர் ஒருமுறை பார்த்தால் போதும்.

எந்தக் காட்சிக்குப் போவது என்பதும் முக்கியம். பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி தனி அனுபவம், பெடியள் எழும்பி ஆடுவதும் பேப்பர் கிழித்து எறிவதும் வேறு எந்த நாளிலும் கிடைக்காது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியில் முதல் பத்து நிமிட வசனம் உங்களுக்குக் கேட்காது. அதைப் பார்த்துவிட்டு "தொடக்கம் ஒன்றும் விளங்கவில்லை" என்று எழுதினால் அது படத்துக்குச் செய்கிற அநியாயம். முதல் காட்சி என்றால் முதல் காட்சி என்றே எழுதுங்கள். கதையைப் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றால் வார நாளில் ஒரு மட்னி ஷோவுக்குப் போவதுதான் நல்லது, கூட்டம் குறைவு, விரும்பிய கதிரை கிடைக்கும்.

கதிரை விஷயத்தில் பலர் நினைப்பது கடைசி வரிசைதான் நல்லது, பல்கனி இருந்தால் பல்கனியின் பின்பக்கம் என்று. படத்தின் சத்தத்தைக் கலந்து முடிக்கிறவர்கள் ஒரு தியேட்டர் மாதிரியான அறையில், திரையில் இருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவாக உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். அவர்கள் கேட்டதை நீங்களும் கேட்க வேண்டும் என்றால் அந்த இடத்துக்குப் போங்கள். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரில் இருந்துதான் வரும், மழை, கூட்டம், வாகனம், பின்னணி இசையின் ஒரு பகுதி எல்லாம் பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் இருக்கிற ஸ்பீக்கர்களில் இருந்து வரும். சுவரோரக் கதிரையில் இருந்தால் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர் நடுவில் இருந்து வருகிற பேச்சை அமுக்கிவிடும். பிந்திப் போய் ஓரத்துக் கதிரைதான் கிடைத்தது என்றால், சத்தத்தைப் பற்றி எழுதும்போது அதையும் சொல்லுங்கள்.

பாட்டு நன்றாகக் கேட்கிறது, சண்டைக் காட்சியில் நெஞ்சு அதிர்கிறது, ஆனால் பேசுவது மட்டும் விளங்கவில்லை. இது யாருடைய குற்றம்? படம் தொடங்க முன் போடுகிற விளம்பரங்களையும் டிரெய்லர்களையும் கவனித்திருந்தால் விடை அங்கேயே இருக்கும். அவற்றில் பேச்சுத் தெளிவாக இருந்து படத்தில் மட்டும் இல்லை என்றால் குற்றம் பெரும்பாலும் படத்தில். எல்லாவற்றிலும் மங்கலாக இருந்தால் நடு ஸ்பீக்கரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

2024 நவம்பர் 14இல் வெளியான 'கங்குவா' இதற்கு நல்ல உதாரணம். சத்தம் தாங்க முடியவில்லை என்று முதல் நாளே முறைப்பாடு எழும்ப, தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா தியேட்டர்காரர்களிடம் ஒலியை 2 புள்ளி குறைக்கச் சொன்னதாக வெளிப்படையாகவே பேசினார். அவர் சொன்ன புள்ளி என்ன என்றால், தியேட்டரில் சத்தத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு, டால்பி முறையில் 7 என்பதுதான் படத்தைக் கலந்தவர்கள் மனதில் வைத்திருக்கிற அளவு. தியேட்டர்காரர் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். அதனால் ஒரே படம் ஒரு ஊரில் காதைக் கிழிக்கும், இன்னொரு ஊரில் இதமாகக் கேட்கும். "இரைச்சல்" என்று ஒரு சொல்லில் முடிக்காமல், எந்த ஊரில், எந்த நாளில் பார்த்தீர்கள் என்று எழுதினால் படிப்பவருக்கு விளங்கும்.

வெளிச்சமும் இப்படித்தான். புரொஜெக்டரின் செனான் (xenon) விளக்கு பழையதாக ஆக ஆக வெளிச்சம் குறையும். இரவுக் காட்சிகளில் முகமே தெரியவில்லை என்றால் உடனே ஒளிப்பதிவாளரைத் திட்டாதீர்கள், பகல் காட்சிகளில் வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரிந்ததா, சாம்பல் பிடித்த மாதிரி இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். 3டி என்றால் கண்ணாடியால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், அது எந்தத் தியேட்டரிலும் நடக்கும். அதே படம் 2டியிலும் ஓடுகிறது என்றால், இருட்டான கதைக்கு 2டிதான் என் தெரிவு.

அப்புறம், குறையைப் படம் முடிந்த பிறகு ஃபேஸ்புக்கில் எழுதுவதை விட, ஓடும்போதே எழும்பிப் போய்ச் சொல்லுங்கள். வாசலில் நிற்கிற தம்பியிடம் "வசனம் கேட்கவில்லை, ஒருக்கால் மேலே சொல்லுங்கோ" என்றால் பெரும்பாலும் சரிசெய்வார்கள். ஆபரேட்டர் அறைக்குள் படத்தின் சத்தம் தியேட்டருக்குள் கேட்கிற மாதிரிக் கேட்காது, யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

உள்ளே இருக்கும்போது ஃபோனில் குறிப்பெடுக்க வேண்டாம். பின்னால் இருக்கிற எல்லாருக்கும் அந்த வெளிச்சம் கண்ணில் அடிக்கும். திரையை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அதைவிட மோசம், அது களவும் கூட. இடைவேளையில் கச்சான் வாங்கிக்கொண்டு வெளியில் நிற்கும்போது ஒரே ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: இப்போது நான் வீட்டுக்குப் போனால் என்ன தெரியாமல் தவிப்பேன்? நம் படங்கள் இடைவேளையை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன, அந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சே இல்லை என்றால் இரண்டாம் பாதி ஏன் தொய்ந்தது என்பதற்குக் காரணம் அப்போதே கையில் கிடைத்துவிடும். "செகண்ட் ஹாஃப் லேக்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள், ஏன் என்று எழுதுகிறவர்கள் குறைவு.

படம் முடிந்து வாசலில் நின்றே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடைசிப் பாட்டின் அதிர்வு காதில் இருக்கும், அல்லது பசியிலும் நித்திரைத் தூக்கத்திலும் இருப்பீர்கள். ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது யாரும் கேட்காமலே மனதில் வருகிற காட்சி எது? அதில் இருந்து எழுதத் தொடங்குங்கள். ஒரு காட்சியும் வரவில்லை என்றால் அதுவே படத்தைப் பற்றிய உண்மையான செய்தி.

எழுதும்போது கதையை எவ்வளவு சொல்லலாம்? டிரெய்லரில் வந்ததும் முதல் அரை மணித்தியாலத்தில் வருவதும் போதும். இடைவேளைப் பக்கம் கிட்டவும் போகாதீர்கள், "ஒரு ட்விஸ்ட் இருக்கிறது" என்று கூடச் சொல்ல வேண்டாம், சொன்னால் படிப்பவர் அதற்காகவே காத்திருந்து மற்றதைத் தவறவிடுவார். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் ஒவ்வொரு காட்சியையாவது காரணமாகக் காட்டுங்கள். "நடிப்பு அருமை" என்பது ஒன்றும் சொல்லவில்லை. 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் சின்ன மகனாக வந்த கமலேஷ் வாய் திறந்தாலே தியேட்டர் சிரித்தது என்றால் அது ஒரு செய்தி. அந்தப் படம் இலங்கையில் இருந்து போகிற ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. அதைப் பற்றி சென்னை விமர்சகர் எழுத முடியாத ஒன்றை நாம் எழுதலாம், அதாவது பேச்சு. எந்த இடத்தில் நம் வீட்டில் கேட்கிற மாதிரி இருந்தது, எந்த இடத்தில் வசனத்தின் இழுவை தமிழ்நாட்டுப் பக்கம் சறுக்கியது என்று நம் காதுக்குத்தான் தெரியும். எனக்கு அந்தச் சறுக்கல் சில இடங்களில் உறுத்தியது, ஆனாலும் படத்தின் அன்பு உண்மையானது என்பதால் குடும்பத்தோடு பார்க்கச் சொல்வேன். இப்படி இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியும், ஒன்றுக்காக மற்றதை மறைக்கத் தேவையில்லை.

பார்த்த திகதியையும் போடுங்கள். இப்போது படங்களை வெளியான பிறகும் வெட்டுகிறார்கள். 2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்தது, சில நாட்களில் 18 நிமிடம் அளவு குறைத்தார்கள். முதல் நாள் பார்த்தவர் "நீளம்" என்றும் அடுத்த வாரம் பார்த்தவர் "எனக்கு நீளமாகத் தெரியவில்லையே" என்றும் சண்டை பிடித்தால், இருவரும் பார்த்தது ஒரே படம் இல்லை.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு வேண்டிய தகவல் வேறு. பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று ஒரு அக்கா கேட்டால் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தியத் தணிக்கையில் 2024 முதல் யு/ஏ சான்றை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், தொடக்கத்தில் வருகிற சான்றிதழைப் பார்த்து அதைக் குறித்துச் சொல்லுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. இரத்தம் எவ்வளவு, கெட்ட வார்த்தை உண்டா, பாட்டுக் காட்சி எப்படி, திடீர்ச் சத்தத்தில் சின்னப் பிள்ளை அழுமா என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் முடிவெடுக்க முடியும். எங்கள் ஊரில் தமிழ்ப் படத்துக்கு வருகிற சிங்கள நண்பர்களும் இருக்கிறார்கள், சப்டைட்டில் ஓடியதா என்று ஒரு வரி போட்டால் அவர்களுக்கும் உதவும். காட்சி எத்தனை மணிக்கு முடிந்தது என்பதும் ஒரு வரி, தூரத்தில் இருந்து வருகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்துத்தான் வருவார்கள்.

நடிகருக்காகச் சண்டைக்கு வருகிறவர்களிடம் மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் காட்டிய காட்சியைப் பற்றிக் கதைத்தால் கதையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நம் நாட்டுப் படங்களைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். 1962இல் 'சமுதாயம்' வந்ததில் இருந்து இலங்கையில் தமிழ்ப் படம் எடுக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. பிரதியே இல்லாமல் போன படத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதெல்லாம் பார்த்தவர்கள் எழுதிவைத்ததும் சொன்னதும்தான். அதனால் நம் பெடியள் எடுத்த படம் எங்காவது திரையிடப்பட்டால் போய்ப் பாருங்கள், பார்த்தால் கட்டாயம் எழுதுங்கள். "நம்மட பிள்ளைகள்" என்பதற்காகக் குறையை மூடாதீர்கள், சத்தம் சரியில்லை என்றால் சரியில்லை என்றே சொல்லுங்கள், அடுத்த படத்துக்கு அவர்களுக்குத் தேவையானது அதுதான். இந்தப் படங்களுக்கு மட்டும் ஒரு இரவு பொறுக்கிற விதி வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு காட்சிதான் போடுவார்கள், நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் படம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அன்றிரவே எழுதுங்கள், அடுத்த காட்சி எங்கே, எத்தனை மணிக்கு, டிக்கட்டை யாரிடம் கேட்பது என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.