லயத்தில் குழந்தையின்மை குறித்து நேர்காணல் செய்யும் முறை

இலங்கையின் நுவரெலியா, பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் குழந்தையின்மையின் உளப் பாதிப்பை ஆராய்பவர் முதலில் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவில் பேசும் சொல் சுவருக்கு அப்பாலும் கேட்கும் என்பதால், பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்தபின், பங்கேற்பவரே தெரிவுசெய்யும் தனியிடத்தில் சந்தியுங்கள். தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு இடமான பிள்ளைக் காம்பராவின் அருகே மட்டும் வேண்டாம். அது அவர் மனதை நோகச்செய்யும். ‘மலடி’ என்ற சொல் எங்கும் வரவே கூடாது.

கருத்தடையின்றி 12 மாதங்கள் முறையாக உறவுகொண்டும் கருத்தரிக்காமையே குழந்தையின்மைக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வரையறை. காரணம் ஆணிடமும் இருக்கலாம், ஆகவே கணவரையும் தனியே அழையுங்கள். பி.எச்.கியூ-9 வினாக்கொத்து கடந்த 2 வாரங்களின் மனச்சோர்வை அளவிடுகிறது. அதன் 9ஆவது வினாவுக்கு, உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டென அவர் கூறினால், நேர்காணலை நிறுத்தி, அவரைத் தனியே விடாமல், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையோ அருகிலுள்ள வைத்தியசாலையையோ உடனே நாடுங்கள்.